மதியம் மூன்று மணிக்கே சார்ஜ் இறங்கிவிடும் போனுக்கு என்ன வைத்தியம்?

கேள்வி இதுதான்: “போன் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. 5000 எம்ஏஎச் பேட்டரி. காலையில் 100% வைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினால் மதியம் மூன்று மணிக்கு 15%-க்கு வந்துவிடுகிறது. ராத்திரி முழுக்க சார்ஜில் போடுவதால்தான் என்கிறார் மாமனார். 20-க்குக் கீழே விடாதே, 80-க்கு மேலே ஏற்றாதே என்கிறான் தம்பி. பின்னாடி ஓடும் ஆப்களையெல்லாம் தள்ளி மூடு என்கிறார்கள் ஆபீஸில். யார் பேச்சைக் கேட்பது?”

தம்பி சொல்வதில் பாதி சரி. மாமனார் சொல்வதில் கால்வாசி சரி. ஆபீஸில் சொல்வது தப்பு. ஆனால் தம்பியும் மாமனாரும் பேசுவது பேட்டரியின் ஆயுளைப் பற்றி, அதாவது இன்னும் எத்தனை வருடம் உழைக்கும் என்பதைப் பற்றி. நீங்கள் கேட்பது, இன்றைக்குக் காலையில் ஏற்றியது ராத்திரி வரை எப்படி நிற்கும் என்று. இது தனி நோய், அது தனி நோய். முதலில் உங்களுடையதைப் பார்ப்போம்.

பதினாறு வருடமாக மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். சார்ஜ் நிற்க மாட்டேங்குது என்று யார் வந்தாலும், போனைத் திறப்பதற்கு முன்னால் ஒன்று கேட்பேன்: “ஞாயிற்றுக்கிழமை எப்படி நிக்குது?” சிலர் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பேட்டரி உளுத்துப்போயிருந்தால் எல்லா நாளும் ஒரே மாதிரிதான் இறங்கும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் படம் பார்த்து, வீடியோ காலில் பேசிய பிறகும் ராத்திரி பத்து மணிக்கு 30% மிச்சம் இருக்கிறது, திங்கட்கிழமை மட்டும் மூன்று மணிக்கே படுத்துவிடுகிறது என்றால் பேட்டரி மேல் குற்றமில்லை. வேலை பார்க்கும் இடத்தில் ஏதோ ஒன்று அதை உறிஞ்சுகிறது.

போன வருடம் ஒரு டீச்சர் வந்தார். ஏற்கெனவே வேறொரு கடையில் பேட்டரி மாற்றியிருக்கிறார், மாற்றிய பிறகும் அதே கதை. ஞாயிற்றுக்கிழமைக் கேள்வியைக் கேட்டேன். “லீவு நாள்ல பிரச்சினையே இல்ல சார்” என்றார். செட்டிங்ஸில் பேட்டரி பக்கத்தைத் திறந்தால் வாட்ஸ்அப், யூடியூப் எல்லாம் கீழே கிடக்கின்றன. முதல் வரியில் உட்கார்ந்திருந்தது ‘மொபைல் நெட்வொர்க்’. பள்ளிக்கூடம் பழைய காலத்துக் கட்டடமாம், கெட்டிச் சுவர், ஆசிரியர் அறை நன்றாக உள்ளே தள்ளி. சிக்னல் ஒரு கோடு வரும், போகும். இரண்டாவது சிம்முக்கு அங்கே டவரே கிடையாது. இதில் போனை இரும்பு மேசை டிராயருக்குள் போட்டுப் பூட்டிவிட்டு வகுப்புக்குப் போவாராம். இவர் பாடம் எடுக்கும் நேரமெல்லாம் அந்த டிராயருக்குள்ளிருந்து போன் டவரைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டிருந்திருக்கிறது.

கத்தியது என்று சும்மா சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் முணுமுணுத்தால் போதும்; வயலுக்கு அந்தப் பக்கம் நிற்பவரைக் கூப்பிட வேண்டுமென்றால் அடித்தொண்டையில் கத்த வேண்டும். போனும் அப்படித்தான். டவர் கிட்டத்தில் இருந்தால் ஒரு மில்லிவாட்டுக்கும் குறைவான சக்தியில் பேசி முடித்துவிடும். சிக்னல் மெலிய மெலிய, ‘கேட்கவில்லை, கூட்டு’ என்று டவரே உத்தரவு அனுப்பும். சாதாரண 4ஜி போன் அதிகபட்சம் 200 மில்லிவாட் வரை போகலாம். அது காற்றில் போகும் சக்தி மட்டும்தான். அதை உண்டாக்கும் ஆம்ப்ளிஃபயர் பேட்டரியிலிருந்து இழுப்பது அதைப்போல் பல மடங்கு. டவர் சுத்தமாகக் கிடைக்காத சிம்மோ, ஒவ்வொரு அலைவரிசையாகத் தட்டித் தட்டித் தேடிக்கொண்டே இருக்கும்.

அவருக்கு நான் செய்தது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பள்ளிக்கூட நேரத்தில் இரண்டாவது சிம்மை அணைக்கச் சொன்னேன். அங்கே வைஃபை இருந்தது, அதில் சேர்த்து, டவருக்குப் பதில் வைஃபை வழியாகவே பேச உதவும் வைஃபை காலிங்கையும் போட்டுக் கொடுத்தேன். டிராயருக்குப் பதில் ஜன்னலோரத்து அலமாரியில் வைக்கச் சொன்னேன். அடுத்த வாரம் ஒரு சார்ஜிங் கேபிள் வாங்க வந்தபோது, “இப்ப சாயங்காலம் வீட்டுக்கு வர்ற வரைக்கும் பாதி இருக்கு சார்” என்றார். முதல் கடையில் மாற்றிய பேட்டரிக்குக் கொடுத்த காசு தண்டம்.

உங்கள் ஆபீஸ் அடித்தளத்தில் இருக்கிறதா, லிஃப்ட் பக்கமா, சுற்றிலும் கண்ணாடியும் இரும்புமா என்று பாருங்கள். வைகை எக்ஸ்பிரஸில் மதுரை போகிறவர்கள் விழுப்புரம் தாண்டுவதற்குள் பாதி காலி என்று புலம்புவதும் இதனால்தான். ஓடுகிற ரயிலில் போன் டவருக்கு டவர் தாவிக்கொண்டே இருக்கிறது, நடுவில் டவரே இல்லாத இடங்களும் வரும். படத்தை முன்பே இறக்கி வைத்துக்கொண்டு ஏரோப்ளேன் மோடில் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். 5ஜி விஷயமும் இதையொட்டித்தான். நம் நாட்டில் 2022 அக்டோபரில் வந்தது. சில நெட்வொர்க்கில் 5ஜி தனியாக நிற்கும்; சிலவற்றில் 4ஜி-யைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அப்போது போன் இரண்டு இணைப்பையும் ஒரே நேரத்தில் தாங்க வேண்டும். 5ஜி நன்றாகக் கிடைக்கும் இடத்தில் பிரச்சினை இல்லை. வந்து வந்து போகும் இடத்தில் நெட்வொர்க் செட்டிங்ஸில் 4ஜி-க்கு மாற்றிவிடுங்கள். வாட்ஸ்அப்புக்கும் வீடியோவுக்கும் 4ஜி தாராளம்.

சரி, சிக்னல் நன்றாக இருக்கிறது, அப்படியும் இறங்குகிறது என்றால் அடுத்த சந்தேகம் ஸ்க்ரீன். வெயிலில் நின்று பார்க்கும்போது ஆட்டோ பிரைட்னஸ் தானாக உச்சத்துக்குப் போகும், அது வேண்டியதுதான். சிலர் ஆட்டோவை அணைத்துவிட்டு பிரைட்னஸ் கோட்டை முழுக்க வலப்பக்கம் இழுத்தே வைத்திருப்பார்கள். ராத்திரி இருட்டறையிலும் டார்ச் மாதிரி அடிக்கும். டார்க் மோட் போட்டால் மிச்சமாகுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். உங்களுடையது அமோலெட் திரையாக இருந்தால் ஆகும், ஏனென்றால் அதில் கறுப்புப் புள்ளி என்றால் அந்தப் புள்ளி அணைந்திருக்கிறது. எல்சிடி திரையில் பின்னால் விளக்கு எப்போதும் எரியும், அதனால் பயனில்லை. அமோலெட்டிலும் எவ்வளவு ஆகும்? அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தார் 2021-ல் அளந்து பார்த்தார்கள். பிரைட்னஸ் 30-லிருந்து 50% வரை இருக்கும்போது சராசரியாக 3-லிருந்து 9% தான் மிச்சம். முழு பிரைட்னஸில் 39-லிருந்து 47%. ஆக, டார்க் மோட் போட்டுவிட்டோம் என்று பிரைட்னஸைக் கூட்டினால் கணக்கு நேராகிவிடும். கோட்டைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளுவதே லாபம். திரை 120 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பித்துக்கொண்டு ஓடுகிறதென்றால் நாள் முழுக்க வெளியில் இருக்கும் நாட்களில் 60-க்குக் குறைத்துக்கொள்ளலாம். எனக்கு அந்த வழுவழுப்பு பிடிக்கும், நான் குறைப்பதில்லை.

அப்புறம் ஆப்கள். ஆபீஸில் சொல்கிற மாதிரி, சமீபத்திய ஆப்களை வரிசையாக மேலே தள்ளி மூடுவது பேட்டரிக்கு எந்த நன்மையும் செய்யாது. 2016-ல் ஒரு வாடிக்கையாளர் கேட்டதற்கு ஆப்பிளின் மென்பொருள் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி தேவையில்லை என்று பதில் எழுதினார். கொஞ்ச நாளில் ஆண்ட்ராய்டு பக்கத்திலிருந்து ஹிரோஷி லாக்ஹைமரும் அதையே சொன்னார். அந்த வரிசையில் தெரியும் ஆப்களில் பெரும்பாலானவை தூங்கிக்கொண்டிருக்கின்றன. தூங்குகிறதைக் கொன்றால், அடுத்த முறை திறக்கும்போது முதலிலிருந்து எழுந்து வர வேண்டும். அதற்குத்தான் அதிகச் செலவு. மணிக்கொரு முறை எல்லாவற்றையும் தள்ளித் தள்ளி மூடுகிறவர்களின் விரல்தான் தேயும்.

ஆனால் ஒன்றிரண்டு ஆப்கள் நிஜமாகவே தூங்காது. அவற்றை அடையாளம் காண வேண்டும். செட்டிங்ஸ், பேட்டரி, பேட்டரி பயன்பாடு என்று போங்கள். பட்டியலில் ஒவ்வொன்றையும் தொட்டால், திரையில் எத்தனை நேரம் இருந்தது, பின்னணியில் எத்தனை நேரம் ஓடியது என்று தனித்தனியாகக் காட்டும். யூடியூப் இரண்டு மணி நேரம் திரையில் ஓடி 20% தின்றிருந்தால் அது உங்கள் கணக்கு. நீங்கள் திறக்கவே திறக்காத ஷாப்பிங் ஆப் ஒன்று பின்னணியில் நாலு மணி நேரம் ஓடியிருந்தால் அதுதான் திருடன். அதற்கு லொக்கேஷன் அனுமதி ‘எப்போதும்’ என்று இருக்கும். ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்று மாற்றுங்கள், பின்னணிப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்துங்கள். வாட்ஸ்அப்பையும் அலாரத்தையும் மட்டும் கட்டுப்படுத்தாதீர்கள். கட்டுப்படுத்தினால் மெசேஜ் எல்லாம் போனைத் திறந்த பிறகு கொத்தாக வந்து விழும். ‘பேட்டரி சேவர்’, ‘பூஸ்டர்’ என்று பெயர் வைத்துக்கொண்டு வரும் ஆப்களைப் பார்த்தால் உடனே நீக்குங்கள், அவைதான் முதல் திருடர்கள். புளூடூத்தை அணைப்பது, அதிர்வை அணைப்பது எல்லாம் சில்லறை. செய்தால் செய்யுங்கள்.

இனி ஆயுள் பற்றி. உங்கள் போனுக்கு இரண்டு வயது என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும்.

லித்தியம் அயான் பேட்டரியை முதலில் கடைக்குக் கொண்டுவந்தது சோனி, 1991-ல். அதற்கு அடித்தளம் போட்ட ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூன்று பேருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. உள்ளே நடப்பது ஒரு போக்குவரத்து. ஒரு பக்கம் கோபால்ட் ஆக்சைடு மாதிரியான ஒரு பொருள், மறுபக்கம் கிராஃபைட், நடுவில் ஒரு திரவம். சார்ஜ் ஏறும்போது லித்தியம் கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் போய் உட்காரும். பயன்படுத்தும்போது திரும்பி வரும். முதல் முறை சார்ஜ் ஏற்றும்போதே கிராஃபைட்டின் மேல் மெல்லிய தோல் ஒன்று படியும். பால் காய்ச்சினால் மேலே ஆடை படிகிறதே, அந்த மாதிரி. அந்த ஆடை வேண்டும், அதுதான் திரவத்திடமிருந்து கிராஃபைட்டைக் காப்பாற்றுகிறது. ஆனால் வெப்பம் கூடக்கூட, பேட்டரி நிரம்பிய நிலையில் இருக்க இருக்க, ஆடை தடித்துக்கொண்டே போகும். தடிப்பதற்கு அது எடுத்துக்கொள்வது உள்ளே இருக்கும் லித்தியத்தை. அதில் சிக்கிய லித்தியம் திரும்பி வராது. உங்கள் 5000 எம்ஏஎச் வருடத்துக்கு வருடம் குறைவது முக்கியமாக இந்த வழியில்தான்.

பேட்டரியை எதுவும் செய்யாமல் ஒரு வருடம் சும்மா வைத்தால் எவ்வளவு கொள்ளளவு மிஞ்சும் என்று ஒரு பட்டியல் இந்தத் துறையில் நெடுநாளாகப் புழங்குகிறது. 25 டிகிரியில், 40% சார்ஜில் வைத்தால் 96% மிஞ்சும். அதே 25 டிகிரியில் முழு சார்ஜில் வைத்தால் 80%. 40 டிகிரியில் முழு சார்ஜில் வைத்தால் 65%. ஒவ்வொரு பேட்டரிக்கும் எண் கொஞ்சம் மாறும், போக்கு மாறாது. சூடு கெடுதல், நிறைந்திருப்பது கெடுதல், இரண்டும் சேர்ந்தால் படுகெடுதல். தம்பி சொல்கிற 80% விதி இங்கிருந்துதான் வருகிறது. கத்திரி வெயிலில் சென்னையிலோ வேலூரிலோ 40 டிகிரி என்பது நமக்குச் செய்தியே இல்லை. வெளிக்காற்று 35 டிகிரியைத் தாண்டாத இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். நாம் வருடத்தில் பல மாதம் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறோம்.

உணவு டெலிவரி செய்யும் ஒரு பையன் மே மாதத்தில் போனைக் கொண்டுவந்தான். டிஸ்ப்ளே ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. வாங்கிப் பத்தே மாதம். பின்பக்கத்தைக் கழற்றினால் பேட்டரி அப்பளம் மாதிரி உப்பியிருக்கிறது. எப்படிப் பயன்படுத்துகிறான் என்று கேட்டேன். வண்டி ஹேண்டில்பாரில் ஸ்டாண்டு, மழைக்குப் போட்ட பிளாஸ்டிக் உறையை வெயில் காலத்திலும் எடுக்கவில்லை. மேப் ஓடுகிறது, முழு பிரைட்னஸ், நெட் ஆன், பவர் பேங்க் நாள் முழுக்கச் செருகியபடி. அந்தப் பிளாஸ்டிக் உறைக்குள் வெயில், பிராசஸர் சூடு, சார்ஜ் ஏறும் சூடு மூன்றும் சேர்ந்து வெந்துகொண்டிருக்கிறது. பேட்டரியும் எப்போதும் நூறிலேயே நிற்கிறது. சூட்டில் உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வாயுவாக மாறியதுதான் அந்த உப்பல். புது பேட்டரி போட்டுக் கொடுத்து, உறையைக் கழற்றச் சொன்னேன். பவர் பேங்கை ஓட்டல் வாசலில் ஆர்டருக்குக் காத்திருக்கும்போது நிழலில் போடு, தெரிந்த ஏரியாவில் மேப்பை அணைத்துவிடு என்றேன். வருடம் தாண்டியும் ஓடுகிறது.

நீங்கள் டெலிவரிக்குப் போகவில்லை, சரி. ஆனால் காரில் டாஷ்போர்டு மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவது, சார்ஜில் போட்டபடி ஹாட்ஸ்பாட் கொடுத்து விளையாடுவது, தலையணைக்கு அடியில் சார்ஜ் போடுவது எல்லாம் அதே வகைதான். சார்ஜ் ஏறும்போது போன் கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சூடானால் கவரைக் கழற்றி, ஃபேன் காற்றில் வையுங்கள். பிரிட்ஜில் வைக்காதீர்கள், வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் கோக்கும். வயர்லெஸ் சார்ஜிங் வசதிதான், ஆனால் வயரைவிடச் சூடு அதிகம். மே மாதத்தில் நான் அதைத் தொடுவதில்லை.

மாமனாரின் ராத்திரி சார்ஜுக்கு வருவோம். நூறு ஆனதும் போன் தானே நிறுத்திக்கொள்ளும். ‘ஓவர் சார்ஜ்’ ஆகி வெடிக்கும் என்பது பழைய பயம். பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்து வழக்கங்கள் பல இன்னும் நம்மிடம் உலாவுகின்றன. புதுப் போன் வாங்கினால் முதலில் எட்டு மணி நேரம் சார்ஜ் போடு, முழுக்கத் தீர்ந்த பிறகுதான் திரும்பப் போடு என்று கடைக்காரர்களே சொல்லி அனுப்புவார்கள். நானும் ஆரம்பத்தில் சொல்லியிருக்கிறேன், மன்னிக்கவும். ராத்திரி சார்ஜில் உள்ள குறை வேறு: ஒரு மணிக்கே நூறு ஆகிவிட்டு, விடிய ஆறு மணி வரை நிறைந்த நிலையிலேயே நிற்கிறது. அதற்குக் கம்பெனிகளே வழி செய்துவிட்டார்கள். ஐபோனில் 2019-ல் ஐஓஎஸ் 13-உடன் வந்த வசதி நீங்கள் எழும் நேரத்தைப் பழகிக்கொண்டு, 80-ல் நிறுத்திக் கடைசி இருபதை விடியற்காலையில் ஏற்றும். ஆண்ட்ராய்டிலும் பல போன்களில் இதே மாதிரி ஒன்று இருக்கிறது, சாம்சங்கில் பேட்டரி புரொடெக்‌ஷன் என்ற பெயரில். அதைப் போட்டுவிட்டுத் தூங்குங்கள். மெத்தை மேல் வேண்டாம், மேசை மேல் வையுங்கள்.

80-ல் நிறுத்துவது நல்லதுதான். ஆனால் உங்கள் நிலைமையில் தம்பியின் பேச்சைக் கேட்டால் மூன்று மணிக்கு வரும் 15% ஒன்றரைக்கே வந்துவிடும். ஆபீஸில் மேசையோரம் சார்ஜர் இருக்கிறவர்களுக்கு 80 சரிப்படும். நாள் முழுக்க வெளியில் அலைகிறவர் நூறு ஏற்றிக்கொண்டு போவதில் பாவம் ஒன்றுமில்லை. பேட்டரி இருப்பது நமக்காக. கீழ்ப்பக்கம் இருபதும் லட்சுமணக் கோடு அல்ல. பூஜ்யத்தில் போன் அணைந்து, அப்படியே நாள்கணக்கில் கிடப்பதுதான் கெடுதல். வெளிநாட்டுக்குப் போன பிள்ளையின் பழைய போன் பீரோவில் ஒரு வருடம் கிடந்து, பிறகு சார்ஜரைப் போட்டால் உயிரே வராது என்று மாதத்துக்கு ஒருவராவது கொண்டுவருகிறார்கள். எடுத்து வைப்பதென்றால் பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள், ஆறு மாதத்துக்கு ஒரு முறை பாதிக்கு ஏற்றுங்கள்.

ஃபாஸ்ட் சார்ஜர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதைத்தான் கேட்பீர்கள். 65 வாட் சார்ஜர் 18 வாட் போனுக்குள் கரண்டைத் திணித்துவிடாது. எவ்வளவு வேண்டும் என்று போன் கேட்டுத்தான் வாங்குகிறது. குழாயடியில் குடம் பிடிக்கிற மாதிரிதான் போன் வாங்கும்: முதலில் குழாயை முழுக்கத் திறந்துவிடுவோம், கழுத்துக்கு வந்ததும் திருகிச் சன்னமாக்குவோம். பாதி வரை வேகமாக ஏறி, எண்பதுக்கு மேல் ஊர்வது அதனால்தான். வேகமாக ஏறுவதால் வரும் கூடுதல் சூடு மட்டுமே கவலை. அவசரமில்லாத ராத்திரிக்குப் பழைய 10 வாட் சார்ஜரைப் போடுங்கள். நடைபாதையில் நூறு ரூபாய்க்கு விற்கும் சார்ஜர்தான் நிஜ ஆபத்து. சார்ஜ் போட்டிருக்கும்போது திரை தானாகத் தொட்டுக்கொண்டு ஓடுகிறதா? பேய் இல்லை, அந்தச் சார்ஜரிலிருந்து வரும் சுத்தமில்லாத கரண்ட். சார்ஜர், பவர் பேங்க் இரண்டிலும் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் முத்திரையோடு ‘ஆர்’ என்று தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண் இருக்க வேண்டும்; பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைத் தட்டினால் யாருடையது என்று காட்டும். சார்ஜ் ஏறாமல் விட்டுவிட்டு ஏறினால், பேட்டரி மாற்றுவதற்கு முன் போனில் சார்ஜர் செருகும் துளையைப் பாருங்கள். சட்டைப் பையின் பஞ்சு உள்ளே கெட்டியாக அடைந்திருக்கும். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக நெம்பினால் வந்துவிடும். நான் இதற்குக் காசு வாங்குவதில்லை.

இப்போது உங்கள் போனின் கணக்கு. நூறு சதவீதம் செலவானால் ஒரு சைக்கிள். இன்று அறுபது, நாளை நாற்பது என்றாலும் சேர்த்து ஒன்றுதான். ஐபோன் 14 வரைக்குமான மாடல்கள் 500 சைக்கிளிலும், 15-லிருந்து 1000 சைக்கிளிலும் பழைய கொள்ளளவில் 80% வைத்திருக்கும்படி வடிவமைத்ததாக ஆப்பிள் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் புதிதாக விற்பனைக்கு வரும் போன்களுக்கு 800 சைக்கிளுக்குப் பிறகும் 80% என்பது சட்டமே. நீங்கள் மூன்று மணிக்குள் 85% செலவழித்து, சாயங்காலம் மறுபடி ஏற்றுகிறீர்கள். நாளுக்கு ஒன்றேகால் சைக்கிள் என்று வைத்தால் இரண்டு வருடத்தில் 900-ஐத் தாண்டியிருக்கும். உங்கள் 5000, இப்போது 4000 பக்கம் வந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஐபோனில் பேட்டரி ஹெல்த் என்று நேராகவே காட்டும். சாம்சங்கில் சாம்சங் மெம்பர்ஸ் ஆப்புக்குள் சோதனை இருக்கிறது. மற்றவற்றில் செட்டிங்ஸ் தேடலில் ‘பேட்டரி ஹெல்த்’ என்று அடித்துப் பாருங்கள்.

எண் கிடைக்காவிட்டாலும் அறிகுறி காட்டிக்கொடுக்கும். கிழடான பேட்டரிக்குக் கொள்ளளவு மட்டும் குறைவதில்லை, மூச்சும் வாங்கும். 25% காட்டுகிறது, ஃப்ளாஷோடு போட்டோ எடுக்கப் போகிறீர்கள், பட்டென்று அணைந்துவிடுகிறது. சார்ஜரைப் போட்டதும் மறுபடி 20% என்கிறது. ஒரே நேரத்தில் அதிகக் கரண்ட் கேட்டதும் வோல்டேஜ் படுத்துவிட்டது என்று பொருள். இப்படி அணையாமல் இருக்கத்தான் பழைய ஐபோன்களின் வேகத்தைக் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டு, மன்னிப்பும் கேட்டு, பேட்டரி மாற்றும் விலையை 79 டாலரிலிருந்து 29-க்கு இறக்கியது. பேட்டரி மாற்றியதும் பழைய போன் மறுபடி ஓடிய கதையை அப்போது நிறையப் பார்த்தேன். உங்கள் போனும் மந்தமாகிவிட்டது, புதுசு வாங்கலாம் என்ற யோசனை இருந்தால் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

மாற்றும்போது கம்பெனி சர்வீஸ் சென்டரில் விலை கேட்டுவிட்டு வெளிக்கடைக்கு வாருங்கள். கடைக்காரனான நானே சொல்கிறேன். அதே அளவுள்ள பேட்டரியில் 5000-க்குப் பதில் 7000 என்று அச்சடித்திருந்தால் வாங்காதீர்கள். ஸ்டிக்கரில் எதையும் அச்சடிக்கலாம். புதுப் போன்கள் சிலவற்றில் கிராஃபைட்டோடு சிலிக்கானைக் கலந்து கொள்ளளவைக் கூட்டியிருக்கிறார்கள், அது நிஜம். ஆனால் அது அந்தப் போனுக்கென்றே செய்த பேட்டரி, உங்கள் பழைய போனுக்கு வராது. ஐபோனில் 2018 மாடல்களிலிருந்து வெளிப் பேட்டரி போட்டால் செட்டிங்ஸில் அறிவிப்பு வரும், பயப்பட வேண்டாம். தண்ணீர் புகாத போன் என்றால் ஓரப் பசையைப் புதிதாக ஒட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மழையில் தெரியும்.

முதல் வேலையாக இந்த ஞாயிற்றுக்கிழமை காலை நூறு ஏற்றிவிட்டு, வீட்டு வைஃபையில் வழக்கம்போல் பயன்படுத்தி, மூன்று மணிக்கு எவ்வளவு இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 50-க்கு மேல் இருந்தால் ஆபீஸ் சிக்னலைக் கவனியுங்கள், பேட்டரிக்குச் செலவழிக்காதீர்கள். அன்றைக்கும் 20-க்குப் பக்கத்தில் நின்றால், அல்லது டிஸ்ப்ளே ஓரம் லேசாகத் தூக்கியிருந்தால், மாற்றிவிடுங்கள். தூக்கியிருப்பதை விரலால் அமுக்கிப் பார்க்க வேண்டாம், சார்ஜும் போட வேண்டாம், நேராகக் கடைக்குக் கொண்டுபோங்கள். கழற்றிய பழைய பேட்டரியை ஞாபகத்துக்கு என்று வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள், குப்பை லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். கடையிலேயே விட்டுவிடுங்கள்.